53 கிராம் பத்திரிகை: கல்யாண வீட்டுத் தபால் செலவு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2019 வைகாசியில் திருநெல்வேலி மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் நடந்த கல்யாணம் இது. பெண் வீட்டுக்கு நான் பக்கத்து வீட்டுக்காரன். கணக்கில் கொஞ்சம் ஆர்வம் உண்டு என்பதால், தபால் செலவு சிக்கலானதும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அப்போது குறித்து வைத்த காகிதங்களைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஆள் பேர், ஊர் பேர் இதற்குத் தேவையில்லை.

பெண்ணின் அப்பா அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணுக்குச் சென்னையில் வேலை. தம்பி கல்லூரி மாணவன். முகவரிப் பட்டியல், ஸ்டிக்கர், ஸ்டாம்ப் எல்லாம் அவன் பொறுப்பு. பத்திரிகை 600 அடித்தார்கள். உள்ளூர்க்காரர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள், நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்தே அழைக்க வேண்டிய நெருங்கிய சொந்தங்கள் என்று கழித்தது போக, தபாலில் போக வேண்டியவை 240 என்று கணக்கு வந்தது. சென்னை, கோவை, மதுரை, பெங்களூருதான் அதிகம். மும்பையிலும் டெல்லியிலும் சில வீடுகள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் படம் போதும் என்று முடிவானது. அதில் யாருக்கும் வருத்தமில்லை.

தபால் செலவுக்கென்று அப்பா ஒதுக்கியிருந்தது 1,200 ரூபாய். 240 உறை, ஆளுக்கு 5 ரூபாய் ஸ்டாம்ப். கவருக்கு அஞ்சு ரூபாய் என்பது அவர் மனதில் வருஷக் கணக்காகப் பதிந்திருந்த எண். அந்த எண்ணில் தவறில்லை, ஆனால் அது 20 கிராம் வரைக்கும்தான்.

அன்றைய கட்டணம்

2019-இல் இருந்த நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் கடிதத்துக்கு முதல் 20 கிராமுக்கு 5 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும், அதில் ஒரு கிராம் வந்தால்கூட, இன்னொரு 5 ரூபாய். திறந்த உறையில் அச்சிட்ட காகிதம் மட்டும் வைத்து அனுப்பும் புக் போஸ்டுக்கு முதல் 50 கிராம் வரை 4 ரூபாய், பிறகு ஒவ்வொரு 50 கிராமுக்கும் 3 ரூபாய். இந்த இரண்டிலும் தூரம் கணக்கில் வராது. பக்கத்துத் தெருவுக்கும் டெல்லிக்கும் ஒரே ஸ்டாம்ப்தான்.

ஸ்பீட் போஸ்டில் 50 கிராம் வரை உள்ளூருக்கு 15 ரூபாய், இந்தியாவில் வேறெங்கே அனுப்பினாலும் 35 ரூபாய். 50-ஐத் தாண்டினால் தூரமும் சேர்ந்துகொள்ளும். 200 கிராம் வரையிலான அடுத்த படியில் 200 கிலோமீட்டருக்குள் 35, 1,000 கிலோமீட்டர் வரை 40, 2,000 வரை 60, அதற்கு மேல் 70. இந்த ஸ்பீட் போஸ்ட் கட்டணம் எல்லாவற்றிலும் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. கடிதத்தை ரிஜிஸ்டர் செய்ய வேண்டுமானால் ஸ்டாம்ப் செலவோடு 17 ரூபாய் கூடுதல்.

50 கிராம் என்ற கோடு புக் போஸ்டிலும் வருகிறது, ஸ்பீட் போஸ்டிலும் வருகிறது. பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாம் இந்தக் கோட்டைச் சுற்றித்தான்.

முதல் கட்டு

சித்திரையில் நல்ல நாள் பார்த்து, பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, குலதெய்வத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டு, வெளியூர்ப் பத்திரிகைகளில் முதல் 40-ஐ அனுப்பினார்கள். உறையைப் பசை போட்டு நன்றாக ஒட்டி, மேலே தங்க நிறப் பிள்ளையார் ஸ்டிக்கர் வைத்து, வலது மூலையில் 5 ரூபாய் ஸ்டாம்ப். தம்பி எல்லாவற்றையும் தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தான். கவுண்டருக்குக் கொண்டு போயிருந்தால் அங்கேயே யாராவது கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். பெட்டிக்கு எடை தெரியாது.

ஒரு வாரத்துக்குள் போன் வரத் தொடங்கியது. கோவையிலிருந்து அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன்தான் முதலில் கூப்பிட்டார். நாற்பது வருஷமாகக் கோவையில் இருந்தும் பேச்சு மாறாதவர்.

“ஏல, துட்டு கொடுத்துல்லா ஒன் மவ கல்யாணப் பத்திரிகைய வாங்க வேண்டியிருக்கு!”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அப்பாவுக்குத் தெரியும். தபால்காரர் அவரிடம் 20 ரூபாய் வாங்கியிருந்தார். அடுத்தடுத்து இன்னும் ஐந்து பேர் இதையே சொன்னார்கள். சொல்லாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று கணக்கில்லை. கல்யாண வீட்டில் போய் ‘ஸ்டாம்ப் பத்தலை’ என்று சொல்வதை அநாகரிகமாக நினைப்பவர்கள்தான் நம்மில் அதிகம்.

சென்னையில் அப்பாவோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் வீட்டில் இல்லாத நேரம் உறை போயிருக்கிறது. வீட்டிலிருந்த மருமகளுக்கு அனுப்பியவர் பேர் பழக்கமில்லை. காசு கொடுத்து யாருடையதோ தபாலை ஏன் வாங்க வேண்டும் என்று மறுத்துவிட்டார். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பத்திரிகை சுற்றிக்கொண்டு அனுப்பியவர் வீட்டுக்கே திரும்பி வந்தது. இங்கே அதே 20 ரூபாயைக் கட்டித்தான் வாங்கினார்கள்.

ஏன் 20 ரூபாய்

‘அஞ்சு ரூபாய் ஸ்டாம்புக்கு இருபது ரூபாய் அபராதமா’ என்று வீட்டில் கோபம். தபால்காரர் எதையோ கூட்டி வாங்கிவிட்டார் என்றே முதலில் நினைத்தார்கள். விதி அதுதான். ஒட்டிய ஸ்டாம்ப் குறைவாக இருந்தால், குறைகிற தொகையின் இரண்டு மடங்கைப் பெறுபவரிடம் வாங்க வேண்டும். பெறுபவர் மறுத்தால் அனுப்பியவர் கட்ட வேண்டும்.

இதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் உறையின் எடை தெரிந்துவிடுகிறது. 20 ரூபாய் வாங்கினார்கள் என்றால் குறைவு 10 ரூபாய். ஒட்டியது 5. ஆக, ஒட்டியிருக்க வேண்டியது 15. அதாவது 20 கிராம் படியில் மூன்றாவது படி: 40-க்கு மேல், 60-க்குள். பத்திரிகையைத் தொடாமலேயே இவ்வளவு சொல்ல முடிந்தது. ஆறு பேரிடமும் ஒரே தொகை வாங்கியிருந்ததால் தபால்காரர் மேலிருந்த சந்தேகமும் போனது.

உறையை ஒட்டாமல் மடித்து மட்டும் விட்டிருந்தால் அது புக் போஸ்டாகப் போயிருக்கும், அப்போது குறைவும் ஓரிரு ரூபாயில் நின்றிருக்கும். பசை போட்டதும் அது கடிதம் ஆகிவிட்டது. முன்பெல்லாம் கல்யாணப் பத்திரிகை உறையின் இடது மேல் மூலையில் ‘புக் போஸ்ட்’ என்று எழுதி, வாயை ஒட்டாமல் செருகி அனுப்புவது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். இப்போது உறைகளே ஒட்டும் பட்டையோடு வருகின்றன. பட்டையைக் கண்டால் கை தானாக உரித்து ஒட்டிவிடுகிறது.

எடை பார்த்த விதம்

மீதி 200 பத்திரிகை மேசை மேல் இருந்தது. இனி எடை பார்க்காமல் ஒன்றும் வெளியே போகக் கூடாது என்று நிறுத்தினோம்.

வீட்டில் கேக் செய்ய வாங்கிய சமையலறைத் தராசு இருந்தது. ஒரு கிராம் துல்லியம். பத்திரிகையை அப்படியே வைத்தால் அது அகலமாக இருந்து எண் தெரியும் இடத்தை மறைத்தது. டம்ளர் ஒன்றைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கிவிட்டு, அதன் மேல் பத்திரிகையை வைத்தோம். ஒரு முறை 52 காட்டியது, இன்னொரு முறை 54. இந்த இழுபறி 50 என்ற கோட்டுக்குப் பக்கத்தில் உதவாது.

தராசு சரியா என்று பார்க்க வீட்டிலேயே வழி உண்டு. அன்று புழக்கத்தில் இருந்த, 2011-க்குப் பிறகு வந்த பொன்னிற 5 ரூபாய் நாணயம் ஒன்று 6 கிராம். பத்து நாணயம் வைத்தால் 60 காட்ட வேண்டும். இந்தத் தராசு 61 காட்டியது. ஒரு கிராம் கூடுதலாகச் சொல்கிறது என்பது தெரிந்தது. சில்லறை நாணயத்தில் பழைய வெள்ளி நிற 5 ரூபாய் கலந்துவிடக் கூடாது. அதில் கனமான வகையும் உண்டு.

அப்புறம் பெண்ணின் அம்மா ஒரு நல்ல யோசனை சொன்னார். தாலிக்குப் பொன் உருக்கக் கொடுக்க நகைக்கடைக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே இருக்கும் தராசைவிடத் துல்லியமானது ஊரில் எது? பத்துப் பத்திரிகையைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். கடைக்காரர் முதலில் விழித்தார், பிறகு அவரே ஒவ்வொன்றாக வைத்துச் சொன்னார். எல்லாமே 52.6-க்கும் 53.5-க்கும் நடுவில் இருந்தன.

பத்தையும் மொத்தமாக வைத்துப் பத்தால் வகுத்தால் போதாதா என்று தம்பி கேட்டான். மொத்தக் காகிதம் வாங்குகிறவருக்கு அது போதும். தபாலில் ஒவ்வொரு உறைக்கும் தனிப்படிதான். சராசரி 49.8 என்று வந்தால் பாதி உறைகள் 50-ஐத் தாண்டியிருக்கலாம். தனித்தனியாகப் பார்த்தது அதற்காகத்தான்.

எது எவ்வளவு

அடுத்து, இந்த 53 எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தோம். இதற்குத் தராசுகூட வேண்டாம். காகிதத்தின் ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்பதுதான். ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். சாதாரணக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு இந்த ஒரு எண் போதும்: நாலு தாள் வைத்தாலே 20 ஆகிவிட்டது, உறையின் எடை அதற்கு மேல்.

பத்திரிகைக் கணக்கு இப்படி வந்தது:

மடிக்கும் அட்டை, விரித்தால் 36 × 25 செ.மீ., 300 ஜிஎஸ்எம்: 27 கிராம்
உள்தாள் இரண்டு, 17 × 24 செ.மீ., 120 ஜிஎஸ்எம்: ஒவ்வொன்றும் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு
உறை, மடிப்புகளோடு, 120 ஜிஎஸ்எம்: 13 கிராம்
பட்டுக் குஞ்சமும் பிள்ளையார் ஸ்டிக்கரும்: 2 கிராம்
முகவரி ஸ்டிக்கர், பசை, ஸ்டாம்ப்: 1 கிராம்

கூட்டினால் 53-க்குக் கொஞ்சம் குறைய வந்தது. நகைக்கடைத் தராசும் அதையே சொல்லியிருந்தது. மஞ்சள் காய்ந்த பிறகு அதன் எடை ஒன்றுமில்லை. அதைக் கேள்விப்பட்டதும் பாட்டிக்கு நிம்மதி, ஏனென்றால் ‘மஞ்சளைத்தான் நிறுத்தச் சொல்வானுவ’ என்று அதுவரை உர்ரென்று இருந்தார்.

வழிகளும் முடிவுகளும்

முன்னால் இருந்த வழிகளைக் கணக்கோடு வைத்துப் பேசினோம். உறையை ஒட்டி, 15 ரூபாய் ஸ்டாம்ப் வைத்தால் 200-க்கு 3,000 ரூபாய். ஒட்டாமல் 53 கிராமாகவே புக் போஸ்டில் அனுப்பினால் ஆளுக்கு 7 ரூபாய், மொத்தம் 1,400. எடையை 50-க்குள் கொண்டுவந்து புக் போஸ்டில் அனுப்பினால் ஆளுக்கு 4 ரூபாய், மொத்தம் 800. அப்பாவின் பழைய 5 ரூபாய்க் கணக்கைவிட இது குறைவு!

ஆனால் 3 கிராமை எதில் குறைப்பது? குஞ்சத்தை வெட்டலாம் என்றான் தம்பி. 2 கிராம்கூடத் தேறாது, அதைப் பெண்ணும் விடமாட்டாள். உறையை மெல்லியதாக மாற்றலாம் என்றால் 90 ஜிஎஸ்எம் உறைக்கு 3 கிராம் குறையும். கோட்டை ஒட்டி 49.6 வரும். அவ்வளவு நெருக்கத்தில் போவது எனக்குப் பிடிக்கவில்லை. தவிர, அச்சடித்த உறைகள் எல்லாம் வீண்.

மிச்சம் இருந்தது உள்தாள். இரண்டில் ஒன்று மாமன், சித்தப்பா, அத்தை வீடுகள் என்று வரிசையாகப் பேர் போட்டது. அதை எடுத்தால் கல்யாணமே நின்றுவிடும். இன்னொன்று மண்டபத்துக்கு வழி காட்டும் படமும் வரவேற்பு நேரமும் அச்சிட்டது. வரவேற்பு நேரம் அட்டையிலும் இருந்தது. வழிப்படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வண்டி ஓட்டுகிறவருக்கு இன்னும் வசதி. சரி, அந்தத் தாளை எடுத்துவிடலாம் என்று முடிவானது. தாள் எடுத்த பத்திரிகையை மறுபடி நகைக்கடைக்கு அனுப்பிப் பார்த்ததில் எல்லாம் 47.7-லிருந்து 48.6-க்குள் நின்றன. இந்த இடைவெளி போதும்.

மும்பை, டெல்லி உறவுகளுக்கு மட்டும் ஸ்பீட் போஸ்ட் என்று அப்பா சொன்னார். அவர்கள் ரயிலுக்கு முன்பதிவு செய்ய வேண்டியவர்கள், பத்திரிகை போய்ச் சேர்ந்ததா என்று தெரிய வேண்டும். புக் போஸ்டில் போட்டதற்கு அத்தாட்சி எதுவும் கிடையாது. தபாலில் போட்டதாக முத்திரை குத்திக் கொடுக்கும் சான்றும் 2011-லேயே நின்றுபோனது. ஸ்பீட் போஸ்டில் அந்த ஒரு தாள் செய்த வேலையைப் பார்க்க வேண்டும். 48 கிராமாக டெல்லிக்குப் போனால் 35 ரூபாயும் வரியும் சேர்த்து 41.30. 53 கிராமாகப் போயிருந்தால் 70 ரூபாயும் வரியும் சேர்த்து 82.60. வழிப்படம் அச்சிட்ட ஒற்றைத் தாளுக்கு 41 ரூபாய் பயணச் செலவு.

ரிஜிஸ்டர் தபால் 15-உம் 17-உம் சேர்த்து 32 ரூபாய்தான், அது மலிவாயிற்றே என்று நான் சொல்லிப் பார்த்தேன். வேகம் வேண்டும் என்றார் அப்பா. அவர் பணம், அவர் முடிவு. எனக்கு இன்றும் ரிஜிஸ்டர் போதுமாக இருந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

ஏற்கெனவே போன 40 பேருக்கு என்ன செய்வது என்பதில் கணக்கு எதுவும் இல்லை. பட்டியலை வைத்துக்கொண்டு அப்பாவும் அம்மாவும் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டார்கள். காசு விஷயத்தை முதலில் இவர்களே எடுத்துச் சொன்னார்கள். கோவைக்கு மட்டும் அப்பா நேரில் போய், பழமும் வெற்றிலை பாக்கும் வைத்து அழைத்துவிட்டு வந்தார். பஸ் கட்டணம் தபால் செலவுக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

தபால் நிலையத்தில்

இந்த முறை கட்டுகளைப் பெட்டியில் போடாமல் நேராகக் கவுண்டருக்குக் கொண்டு போனார்கள். உச்சி நேரக் கூட்டம் முடிந்த பிறகு வாருங்கள் என்று போஸ்ட் மாஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். அவர் மேலாகச் சிலவற்றை எடுத்துத் தராசில் வைத்தார், உறையின் வாயைத் திறந்து பார்த்தார். புக் போஸ்டில் அது அவருடைய வேலை. உள்ளே அச்சிட்டது மட்டும் இருக்கிறதா என்று பார்க்க முடிய வேண்டும் என்பதற்காகத்தான் திறந்த உறை.

அப்படிப் பார்த்ததில் ஒரு உறையிலிருந்து மடித்த தாள் விழுந்தது. பெண்ணின் அம்மா தன் சிநேகிதிக்குக் கைப்பட எழுதியது. கடிதம் உள்ளே இருந்தால் புக் போஸ்டில் போகாது. போஸ்ட் மாஸ்டர் அந்த உறையை மட்டும் தனியே எடுத்து ஒட்டச் சொல்லி, 15 ரூபாய் ஸ்டாம்ப் வைக்கச் சொன்னார். அரைத் தாள் இரண்டரை கிராம்; 50-ஐத் தாண்டியும் 60-க்குள் இருந்ததால் கடிதப் படியில் மாற்றமில்லை.

உறையின் வாயை உள்ளே செருகுவதிலும் ஒரு சின்ன விஷயம் இருந்தது. மேலாகச் செருகினால் கட்டுக் கட்டும்போது மற்ற உறைகளில் மாட்டிக்கொள்ளும், பத்திரிகை நழுவவும் செய்யும். முழு மடிப்பையும் அட்டைக்குப் பின்னால் ஆழமாக விடச் சொன்னார். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொந்தக்காரப் பிள்ளைகள் அத்தனையையும் மறுபடி செருகினார்கள்.

என்ன ஆனது

இரண்டாம் கட்டில் போனவற்றில் யாரிடமும் காசு வாங்கியதாகத் தகவல் இல்லை. புக் போஸ்ட் மெதுவாகத்தான் போகும் என்று நாள் வைத்தே அனுப்பியிருந்தார்கள். மதுரைக்குச் சீக்கிரம் போனது. சென்னையில் சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. மூன்று பேருக்குப் போய்ச் சேரவே இல்லை. அவர்களில் ஒருவர் வீடு மாறியிருந்தார், மற்ற இரண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. தொலைந்த கடிதத்தைத் தேடக் கேட்கலாம், ஆனால் எண்ணே இல்லாத உறையை எப்படித் தேடச் சொல்வது? போன் செய்து மன்னிப்புக் கேட்டு, படம் அனுப்பினார்கள்.

வழிப்படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியதில் ஒரு குறை தெரிந்தது. வாட்ஸ்அப் இல்லாத பெரியவர்கள் மண்டபம் தெரியாமல் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தார்கள். அட்டையிலேயே மண்டபத்தின் முகவரிக்குக் கீழே ‘இன்ன கோயிலுக்கு எதிரில்’ என்று ஒரு வரி போட்டிருந்தால் தாளே தேவைப்பட்டிருக்காது.

கல்யாணத்துக்குப் பிறகு பார்சல்

வர முடியாமல் போன பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குத் தாம்பூலப் பை அனுப்ப வேண்டும் என்றார் அம்மா. எவர்சில்வர் டப்பா, ரவிக்கைத் துணி, மஞ்சள், குங்குமம், முறுக்கு, லட்டு. எல்லாம் சேர்த்து 850 கிராம். இதை அட்டைப் பெட்டியில் வைத்து டேப் ஒட்டியதும் 1,070 ஆனது. பெட்டியும் டேப்பும் உள்ளே வைத்த பேப்பரும் மட்டுமே 220 கிராம்.

பார்சல் கணக்கில் படி 500 கிராம். அன்றைக்கு ரிஜிஸ்டர் பார்சலுக்கு முதல் 500 கிராம் 19 ரூபாய், பிறகு ஒவ்வொரு 500-க்கும் 16, அதோடு ரிஜிஸ்டர் 17. 1,070 கிராம் என்றால் மூன்றாவது படி, 68 ரூபாய். ஒரு கிலோவுக்குள் அடங்கினால் 52. ஸ்பீட் போஸ்டில் பெங்களூருக்கு இதே வித்தியாசம் 141.60-க்கும் 106.20-க்கும் இருந்தது. மும்பைக்கு ஒரு கிலோவுக்குள் இருந்தாலே 141.60. கூரியர் கடையில் கேட்டதில் அவர்கள் பெட்டியின் அளவைப் பார்த்தார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எண்ணும் நிஜ எடையும் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். 30 × 25 × 16 பெட்டிக்கு 2.4 கிலோ வந்தது. உள்ளே பாதி காற்று.

லட்டை எடுத்துவிடலாம் என்றேன். எடைக்காக மட்டுமில்லை. ஆனி மாத வெயிலில் தரைவழிப் பார்சலில் மும்பை வரை லட்டு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. லட்டும் அதன் டப்பாவும் போனதில் 130 கிராம் குறைந்து 940 வந்தது. முறுக்கை எவர்சில்வர் டப்பாவுக்குள்ளேயே வைத்து மூடினார்கள், அதனால் நொறுங்கவும் இல்லை. எல்லா வீட்டுக்கும் ரிஜிஸ்டர் பார்சல், ஆளுக்கு 52 ரூபாய். மெதுவாகப் போனாலும் எல்லாம் போய்ச் சேர்ந்தன.

இன்று செய்தால் மாற்ற வேண்டியவை

முதலில், எடையை அச்சகத்திலேயே பார்க்க வேண்டும். அச்சடிக்காத அட்டை, உள்தாள், உறை மூன்றையும் மாதிரிக்குக் கேட்டால் எந்த அச்சகமும் கொடுக்கும். இந்த வீட்டில் அட்டையை மட்டும் 300-க்குப் பதில் 250 ஜிஎஸ்எம்மில் எடுத்திருந்தால் நாலரை கிராம் குறைந்து, குஞ்சமும் இரண்டு உள்தாளும் அப்படியே இருக்க, 48 கிராமில் முடிந்திருக்கும். 300 ஜிஎஸ்எம் என்பது அச்சகத்தில் காட்டிய முதல் மாதிரி. கையில் எடுத்தபோது கெட்டியாக இருந்தது, அதனால் பிடித்துப்போனது, அவ்வளவுதான்.

அடுத்து, கட்டணம் மாறிவிட்டது. 2022 ஜூலையில் ஜிஎஸ்டி விலக்கு சுருங்கியதில், அன்று 22 ரூபாயாக இருந்த 20 கிராம் ரிஜிஸ்டர் கடிதம் 25.96 ஆனது. 2025-இல் ரிஜிஸ்டர் தபால் தனிச் சேவையாக இல்லாமல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. அப்பாவிடம் நான் வாதாடிய அந்த 32 ரூபாய் வழி இன்று இல்லை. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட் கட்டணமும் புதிது: 50 கிராம் வரை உள்ளூருக்கு 19, வெளியூர் எங்கும் 47, வரி தனி. அதற்கு அடுத்த படி முன்போல 200-இல் முடியாமல் 250 கிராம் வரை நீள்கிறது. பெறுபவர் கையில் மட்டுமே கொடுக்கச் சொல்லும் ரிஜிஸ்டர் வசதி வேண்டுமென்றால் அதற்கு மேல் 5 ரூபாயும் வரியும்.

பார்சலுக்கு 19, 16 என்ற பழைய எண்களை மனதில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்புவதில் அர்த்தமில்லை. அஞ்சல் துறையின் தளத்தில் இரண்டு ஊர்களின் பின்கோடும் எடையும் கொடுத்தால் அன்றைய கட்டணம் வந்துவிடும். கொடுக்கும் எடை மட்டும் பெட்டியை மூடி, டேப் ஒட்டி, முகவரி எழுதிய பிறகு பார்த்த எடையாக இருக்க வேண்டும்.

ஸ்பீட் போஸ்டில் 50 கிராம் கோடு மட்டும் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. அந்த வீட்டுப் பத்திரிகை இன்று டெல்லிக்கு ஸ்பீட் போஸ்டில் போனால் 48 கிராமுக்கு 55.46 ரூபாய், வழிப்படத் தாளோடு 53 கிராமாகப் போனால் 90.86.